மிஞ்சிய ஏழு லேபிள்கள்

இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது லேபிளைக் கட்டுக்கட்டாகக் கையால் அடுக்கினோம்; நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்க்கிறீர்கள். மருந்துத் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வேலையில் எதை எழுதுவது என்று யோசித்தபோது, எனக்கு முதலில் வந்தவை இரண்டு நாட்கள்தான். நான் பொய் சொன்ன நாள் ஒன்று. அதற்கு அடுத்த நாள் மற்றது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில் குடியேறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான், என் கணவர் அல்பிரட், மூன்று வயது மகள். மூத்த மகனை என் அக்காவோடு இலங்கையில், மன்னாரில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அவனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். அந்த நாட்களில் டேனிஷ் வகுப்புக்கு ஒரு பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரம், சாம்பல் நிறக் கோட், ஒட்ட வெட்டிய தலைமுடி. ஆங்கிலத்தில் கேட்டார்:

"உங்களில் யாராவது மருந்தோடு வேலை செய்திருக்கிறீர்களா?"

நான் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் அறையில் எட்டு வருடம் இருந்தவள். கையை உயர்த்தினேன். வேறு யாரும் உயர்த்தவில்லை.

அடுத்த நாள் அவருடைய தொழிற்சாலைக்குப் போனேன். ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில், மூடப்பட்ட ஒரு பழைய பால் பண்ணைக் கட்டடம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு. பால் கொதிக்க வைத்த இடத்தில் இப்போது பாணி மருந்து, அதுதான் சிரப், கொதித்தது. அவர் ஒரு மண்ணிறப் போத்தலை மேசையில் வைத்தார். லேபிள் இல்லை.

"இது என்ன மருந்து?"

எனக்குப் பெருமை. மூடியைத் திறந்தேன், மணந்து பார்த்தேன், ஒரு துளியை விரலில் தொட்டேன். "அதிமதுரம் சேர்ந்த இருமல் மருந்து. பெரியவர்களுக்கு உரியது" என்றேன்.

அவர் போத்தலை வாங்கி அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார். "பிழை" என்றார். "லேபிள் இல்லாத போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், சரியான பதில் 'தெரியாது' என்பதுதான்."

வேலை இல்லை என்று நினைத்து நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"எங்கே போகிறீர்கள்? திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாருங்கள்."

அவர்தான் அந்தக் கம்பனியைத் தொடங்கியவர். ஜேர்மன்காரி, மருந்தாளர். டேனிஷ்காரர் மருந்தாளரை அப்போதேகர் என்பார்கள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் அப்போதேகர்தான். பெயரை நான் இங்கே எழுதவில்லை. கம்பனிக்கே தன் பெயரை வைக்க மறுத்தவர் அவர். டென்மார்க்கில் முதலாளியையும் பெயர் சொல்லி, 'நீ' என்று கதைப்பதுதான் வழக்கம். அவர் மட்டும் தரை துடைக்க வருகிறவர் தொடக்கம் எல்லோரையும் 'நீங்கள்' என்பார். டேனிஷ்காரருக்கு அது விறைப்பாகத் தெரிந்தது. எனக்கு அது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னதுபோல இருந்தது.

நல்ல மனுசி என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. ஒரு காலமை ஒருவர் பியர் வாசத்தோடு வேலைக்கு வந்தார். அப்போதேகர் அந்த இடத்திலேயே அவரை வீட்டுக்கு அனுப்பினார், திரும்ப எடுக்கவேயில்லை. அவருடைய மனைவி முந்தின கிழமைதான் விட்டுவிட்டுப் போயிருந்தாள் என்று எங்களுக்குத் தெரியும். சொல்லப் போனோம். "மருந்துக்கு அது தெரியாது" என்று கதவைச் சாத்திவிட்டார். அதை நான் இன்றும் அவர் கணக்கில் நல்லதாக எழுதமாட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அது மாசி மாதம். நாங்கள் இருந்த யூலண்ட் பகுதி முழுக்கப் பிள்ளைகளுக்கு இருமல். மருந்துக் கடைகளில் எங்கள் பாணி மருந்து முடிந்துபோய் ஒவ்வொரு நாளும் தொலைபேசி அடித்தது. வழமையாக நிரப்பிய போத்தல்களை இரண்டு நாள் களஞ்சியத்தில் நிறுத்தி வைத்து, தாள்களை எல்லாம் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவோம். அந்தக் கிழமை மட்டும் அடுத்த நாள் காலையே வான் புறப்படலாம் என்று அப்போதேகர் சொல்லியிருந்தார்.

காலையில் பெரியவர்களின் இருமல் மருந்தை நிரப்பினோம். அதில் நித்திரையாக்கும், மூச்சை மந்தமாக்கும் சரக்கு இருந்தது. சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளின் பாணி மருந்து. இரண்டுக்கும் ஒரே மண்ணிறப் போத்தல், ஒரே வெள்ளை மூடி. வெளியே லேபிள்தான் வித்தியாசம்.

வேலை முடிந்ததும் லேபிளை எண்ண வேண்டும். எத்தனை எடுத்தோம், எத்தனை ஒட்டினோம், எத்தனை மிச்சம். அன்று பெரியவர்களின் லேபிள் ஏழு மிஞ்சியது. பிள்ளைகளின் லேபிள் ஏழு குறைந்தது. திரும்ப எண்ணினேன். அதே ஏழு.

மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். நாலு இருபதுக்கு எனக்கு பஸ். மகளின் பாலர் பாடசாலை ஐந்து மணிக்குப் பூட்டும். அதற்கு முதல் இரண்டு தரம் நான் பிந்திப் போய், கோட் போட்டபடி வாசலில் நின்ற ஆசிரியையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் பென்ட், நல்ல மனிதர், அன்று அவரும் களைத்துப்போய் தாளை நீட்டியபடி வந்தார்.

"ஸ்டெம்மர் டே?" என்று கேட்டார். சரியாக வருகிறதா என்று அர்த்தம்.

"யா. ஸ்டெம்மர்" என்றேன். ஏழு லேபிளையும் கோட் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

எனக்கு அப்போது டேனிஷில் தெரிந்தது நூறு சொல்கூட இராது. அதில் ஒன்றைப் பொய் சொல்லப் பாவித்தேன்.

வீட்டில் அந்த ஏழையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.

"இஞ்ச பாருங்கோ, இது மிஞ்சிப்போச்சு. நான் சரியெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அல்பிரட் ஒரு லேபிளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கடதாசித் துண்டு. இதுக்கே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

"கடதாசி இல்லையப்பா. ஏழு போத்தல் எங்கேயோ பிழைச்சுப் போயிருக்கு."

"பிழைச்சதெண்டு உனக்கு வடிவாத் தெரியுமே? நீ எண்ணினது பிழைச்சிருக்கலாம். லேபிள் கட்டிலயே முதல் கூட இருந்திருக்கலாம். பிலோ, உனக்கு வேலை போச்செண்டா பெடியன்ர அலுவல் என்னாகும் எண்டு யோசிச்சனியே? அவன் வந்து சேருமட்டும் வாயைத் திறவாதை."

"ஓம்" என்றேன்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வேலை இல்லாவிட்டால் மகனின் விண்ணப்பம் தட்டுப்படும் என்று எங்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பயத்துக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த நாள் காலமை மகளுக்கு இருமல். முந்தின மாதம் வாங்கிய எங்கள் கம்பனிப் பாணி மருந்தில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்து, பாடசாலையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு முந்தின நாளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்த இடத்துக்கு வந்ததும் எனக்கு வியர்த்தது. மணி அடித்தபோது லேபிள் ஒட்டாத போத்தல்கள் சில மேசையின் கடைசி மூலையில் நின்றன. வந்து ஒட்டலாம் என்று விட்டுவிட்டுப் போனேன். வந்தபோது இயந்திரத்தில் பிள்ளைகளின் லேபிள் ஏற்றியாகிவிட்டது. மூலையில் நின்றவற்றைத் தள்ளி விட்டேன். அவையும் உருண்டு போய் லேபிள் ஒட்டிக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டன.

அப்போதும் நான் உடனே துணிந்துவிடவில்லை. அந்த ஏழையும் ஏரிக்குள் போட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னை இறக்கி நடக்க வைத்தது ஒரு கரண்டிதான். காலையில் மகளுக்கு ஊற்றும்போது நான் மணந்து பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை. லேபிளைப் பார்த்தேன், ஊற்றினேன், வாயைத் திற என்றேன். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் ஊற்றுவார்கள்.

நான் அப்போதேகரின் அறைக்குள் போனபோது மணி எட்டு. வான் ஏழு மணிக்கே போய்விட்டது. முதலில் ஸ்கீவ என்ற ஊர், அதன் பிறகு ஹொல்ஸ்டெப்ரோ. ஏழு லேபிளையும் மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு மணியை, மூலையில் நின்ற போத்தல்களை, பென்டுக்குச் சொன்ன பொய்யை.

அவர் முகம் வெளிறியது. ஆனால் ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. மூன்று கேள்விதான்.

"ஏழுதானா, கூடவா?"

"ஏழு."

"சாப்பாட்டுக்குப் பிறகு முதல் நிரப்பிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டுமா?"

"ஓம். மற்றதுக்குள் போக வழியில்லை."

"அந்தப் பெட்டியைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்தப் பெட்டியின் ஒட்டுநாடா கிழிந்துபோய் நான் குறுக்கே இன்னொன்று ஒட்டியிருந்தேன்.

அதற்குள் பென்ட் வந்துவிட்டார். விசயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். அன்று டேனிஷில் கதைத்ததெல்லாம் அப்போதேகர் பிறகு சொல்லித்தான் எனக்கு முழுதாக விளங்கியது. "உறுதியாகத் தெரியாமல் எல்லாக் கடைக்கும் தொலைபேசி அடித்தால் எங்கள் கதை முடிந்தது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரி ஒப்பந்தக்காரர் வருகிறார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். சத்தமில்லாமல் பெட்டியை மாற்றிவிட்டு வருகிறேன்."

"பென்ட், நீங்கள் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் எடுக்கும்" என்றார் அப்போதேகர். "அதற்குள் ஒரு தாய் மூடியைத் திறந்துவிடுவாள்."

அவர் தொலைபேசியை எடுத்தார். அவர் பேசிய டேனிஷில் ஜேர்மன் வாடை அடிக்கும். பதற்றத்தில் அது இன்னும் கூடும். இரண்டு ஊர் மருந்துக் கடைகளுக்கும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "எங்கள் பாணி மருந்தை விற்க வேண்டாம். பிழை எங்களுடையது. நான் வருகிறேன்." ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வான் இன்னும் போகவில்லை. ஸ்கீவவில் பெட்டிகள் இறங்கிவிட்டன.

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோட்டைப் போடுங்கள். பெட்டியைத் தெரிந்தவர் நீங்கள்தான்."

வீதியோரமெல்லாம் பனி. அவர் வேகமாக ஓட்டினார்.   அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் என் மகனை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஸ்கீவ மருந்துக் கடையின் பின் அறையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. என் பெட்டி அதற்குள் இல்லை. முன்னே, மேசைக்குக் கீழே திறந்தபடி இருந்தது. குறுக்கே ஒட்டிய நாடா அப்படியே தெரிந்தது. நானும் அப்போதேகரும் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணந்தோம். பிள்ளைகளின் மருந்தில் ராஸ்பெரி வாசம். பெரியவர்களின் மருந்தில் அதிமதுரம். ராஸ்பெரி, ராஸ்பெரி, அதிமதுரம். அதை அவர் தன் பக்கத்தில் தனியே வைத்தார். பெட்டி முடிந்தபோது அவர் பக்கத்தில் ஆறு போத்தல் நின்றது.

"இதிலிருந்து எத்தனை விற்றீர்கள்?"

கடைக்காரப் பெண் கையால் வாயைப் பொத்தினாள். "ஒன்று. திறந்தவுடனே. நீங்கள் அடிக்கிறதுக்குச் சற்று முதல்."

வாங்கியவள் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைப் பெண். மருந்துச் சீட்டில் முகவரி இருந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாங்கள் காருக்கு ஓடினோம்.

அந்தப் பெண் மாட்டுத் தொழுவத்தில் நின்றாள். அதனால்தான் எடுக்கவில்லை. முழங்கால் வரை பூட்ஸ், கையில் வாளி. அப்போதேகர் அவள் முன்னால் போய் நின்று சொன்னதை நான் வசனம் பிசகாமல் இன்றும் சொல்லுவேன்:

"நீங்கள் இன்று வாங்கிய மருந்தைச் செய்தவள் நான். போத்தலுக்குள் வேறு மருந்து இருக்கிறது. பிழை என்னுடையது. பிள்ளைக்குக் கொடுத்தீர்களா?"

வாளி கீழே விழுந்தது. "ஒரு கரண்டி. இப்போதுதான், அரை மணித்தியாலம் இருக்கும். நித்திரை கொள்ளுகிறாள்."

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு நீளக் கதிரையில் பிள்ளை படுத்திருந்தது. இரண்டரை வயதுப் பெண் பிள்ளை, பஞ்சு மாதிரித் தலைமுடி. போத்தல் பக்கத்திலேயே இருந்தது. அப்போதேகர் திறந்து மணந்து, மூடி, தன் பொக்கற்றுக்குள் வைத்தார். பிறகு முழந்தாளிட்டு, பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து மூச்சை எண்ணினார். தோளைப் பிடித்து அசைத்தார். பிள்ளை கண்ணைப் பாதி திறந்து மூடியது.

"ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இங்கே அம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. கடைசி வரைக்கும் இவளை நித்திரை கொள்ள விடக்கூடாது." தாய் கோட்டைத் தேடி ஓடினாள். அப்போதேகர் பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தார். "உங்களுடைய வேலை."

பின் ஆசனத்தில் பிள்ளை என் மடியில். பக்கத்தில் தாய் அழுதுகொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு டேனிஷ் வராது. நான் தமிழில் கதைத்தேன். "கண்ணைத் திற ராசாத்தி, என்னைப் பார், இஞ்ச பார் மாமியை" என்று கன்னத்தைத் தட்டினேன். பிள்ளை கண்ணைத் திறந்தது. அதுவரை என்னைப்போல ஒரு முகத்தை அது கண்டிருக்காது. ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை, இழுக்கட்டும் என்று குனிந்து கொடுத்தேன். நித்திரை வருகிறபோதெல்லாம் மூக்கை அதன் கைக்குக் கொண்டுபோனேன். முன்னால் இருந்து அப்போதேகர், "முழிப்பா? முழிப்பா?" என்று கேட்டபடி ஓட்டினார்.

வைத்தியர் பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் விறாந்தையில் நின்றோம். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தகப்பன் வந்தார். பெரிய உடம்பு, வேலைக் காற்சட்டை. மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு அப்போதேகரின் முகத்துக்கு நேரே வந்து கத்தினார்.

"ஜேர்மன்காரி! எங்கள் பிள்ளைகளுக்கு நஞ்சு ஊத்தவா இஞ்ச வந்து தொழிற்சாலை போட்டனீ?"

விறாந்தையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டபடி நின்றார். "உங்கள் கோபம் நியாயமானது" என்று மட்டும் சொன்னார். ஒரு சொல் போதும் அவருக்கு, 'அதோ அவள் செய்தது' என்று என் பக்கம் விரலை நீட்ட. நீட்டவில்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பாராமலே கையால் மறித்தார்.

பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தியர் வெளியே வந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, பிஸ்கற் கேட்கிறாள், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். தாய் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதேகர் யன்னலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு கோப்பி எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். அன்றுதான் அவர் தன் கதையைச் சொன்னார். அதற்கு முதல் தொழிற்சாலையில் யாருக்கும் அது தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிகிற குளிர்காலத்தில், கிழக்கே ஒரு துறைமுகத்திலிருந்து கப்பலில் தப்பி வந்தவர் அவர். தாய், அவர், ஆறு வயதுத் தங்கை. கப்பல் கொண்டுவந்து விட்ட இடம் டென்மார்க். போர் முடிந்ததும் ஜேர்மன் அகதிகளை முகாமில் வைத்தார்கள். சுற்றிவரக் கம்பி. டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்து தோற்ற நாட்டுச் சனங்கள், அவர்கள்மீது யாருக்கும் பிரியமில்லை. முகாமில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. யாரோ ஒருவரிடமிருந்து தாய் ஒரு போத்தல் மருந்து வாங்கிக் கொடுத்தார். லேபிள் இல்லாத போத்தல். மூன்றாம் நாள் தங்கை இறந்துவிட்டாள்.

"காய்ச்சலாலா, அந்த மருந்தாலா என்று எனக்குத் தெரியாது" என்றார். "என் தாய்க்கும் தெரியாது. சாகும்வரை அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்."

பின்னர் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, அங்கே மருந்தாளருக்குப் படித்து, ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தார். வருடத்துக்கு ஒரு தரம் தங்கையின் கல்லறைக்குப் பூ வைக்க யூலண்டுக்கு வருவார். அப்படி வந்த ஒரு கோடையில் இந்தப் பால் பண்ணை மூடிக் கிடந்ததைக் கண்டார். அந்தக் காலத்தில் பெரியவர்களின் குளிசையைத்தான் தட்டித் தூளாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கென்று அளந்து செய்த மருந்து செய்ய வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டார். ஜேர்மன் பேச்சைக் கேட்டதும் கதவைச் சாத்திய வைத்தியர்கள் இருந்தார்கள். அவர் அடுத்த கிழமையும் அதே கதவைத் தட்டினார். பத்து வருடம் அப்படித் தட்டித்தான் கம்பனி நிமிர்ந்தது.

கேட்டுவிட்டு நான் சொன்னேன்: "இவ்வளவும் பட்ட உங்களுக்கு நான் இப்பிடிச் செய்துபோட்டன். ஏன் அவருக்கு என்னைக் காட்டிக் கொடுக்கேல்லை? நான்தானே செய்தனான்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "இரண்டு மருந்துக்கும் ஒரே போத்தலை வாங்கியது நான். இரண்டு நாள் நிறுத்தி வைக்கிற ஒழுங்கைக் கைவிட்டது நான். நாலு மணிக்கு எண்ணி முடித்து நாலு இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நேரம் போட்டது நான். நீங்கள் செய்தது ஒரு பொய். அது பெரிய பிழை. அதற்கு நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தத் தகப்பனுக்கு அல்ல."

"அப்ப எனக்கு வேலை?"

"நாளைக்கு உங்களை நிறுத்தினால், அடுத்த தரம் ஏழு லேபிள் மிஞ்சுகிற ஆள் என் கதவைத் தட்டுமா?"

 அவர் எழும்பி, ஆஸ்பத்திரித் தொலைபேசியிலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அடித்து, தன் கம்பனிமீது தானே முறைப்பாடு சொன்னார். வழக்கறிஞருக்கு அதற்குப் பிறகுதான் அடித்தார்.

அதன் விளைவு சின்னதல்ல. தொழிற்சாலையைச் சில கிழமைகள் பூட்டினார்கள். பத்திரிகையில் வந்தது. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. பென்ட் இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவருடைய கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்ததால் அவருக்கும் கேள்வி வந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். உண்மைதான். சொல்லியிருக்கலாம்.

திரும்பத் திறந்தபோது பிள்ளைகளின் மருந்துக்குச் சதுரப் போத்தல் வந்தது. எண்ணுவதற்கு இரண்டு பேர், நேரக் கட்டுப்பாடு இல்லை. பஸ் போனால் கம்பனிக் காரில் கொண்டுபோய் விடுவார்கள். இயந்திரத்தை நிற்பாட்டும் சிவப்பு ஆளியை மேற்பார்வையாளரின் பக்கத்திலிருந்து கழற்றி, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் பூட்டினார்கள். ஒரு வருடம் கழித்து அந்த ஆஸ்பத்திரிக்காரர் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். தன் பிழையைத் தானே சொன்ன கம்பனி வேறு இல்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகப் பென்ட்தான் எனக்குச் சொன்னார். என் மகனும் அந்த மாசிக்குப் பிறகு வந்த கோடையில் வந்து சேர்ந்தான். என் வேலைக்கும் அவன் விண்ணப்பத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தோம்.

அப்போதேகர் எழுபது வயது தாண்டும்வரை வேலைக்கு வந்தார். கம்பனியைக் கைமாற்றிய பிறகும் எங்களைப் பார்க்க வருவார். இறந்தபோது, அவர் கேட்டிருந்தபடி, ஜேர்மனிக்குக் கொண்டுபோகாமல் இங்கே தங்கைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், ஆஸ்பத்திரி விறாந்தையைவிட அதுதான் எனக்குப் பெரிது.

திரும்பத் திறந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. நிரப்பும் வரிசையில் வந்த மருந்தின் நிறம் வழமையைவிட வெளிறியதுபோல எனக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன். அவளுக்கு அப்படித் தெரியவில்லை. பென்டும் பார்த்தார். "அப்படியேதான் இருக்கிறது" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. சிவப்பு ஆளியை அழுத்தினேன். முழு வரிசையும் நின்றது. இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

மாதிரியை எடுத்துச் சோதித்தார்கள். திரும்பவும் சோதித்தார்கள். நாலு மணித்தியாலம் போனது. மருந்து அச்சொட்டாகச் சரியாக இருந்தது. மேலே ஒரு விளக்கின் குழாயை முந்தின நாள் மாற்றியிருந்தார்கள், வெளிச்சம்தான் வேறு. அவ்வளவுதான். அரை நாள் வேலை என்னால் கெட்டது. யாரோ பின்னால் சிரித்தது கேட்டது. நான் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதேகர் படியால் இறங்கி வந்தார். சோதனைத் தாளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு மேலே நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். அவர் யாரையும் புகழ்கிறவர் அல்ல, அன்றும் புகழவில்லை.

"மருந்து சரி" என்றார். "நாளைக்கும் சந்தேகம் வந்தால், நாளைக்கும் நிற்பாட்டுங்கள்."

சொல்லிவிட்டு, சிவப்பு ஆளியைத் தன் கையாலேயே விடுவித்து, படியேறிப் போனார்.